வினோதா கடையின் மஞ்சப்பைகள்

என் தங்கை வினோதாவின் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை போகிற பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் ‘பைக்கடை’ என்று சொன்னால் வாசலிலேயே இறக்கிவிடுவார். பை விற்கிற கடை என்று நம்பி இறங்கி, உளுத்தம்பருப்பு வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. அது மளிகைக் கடை. அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு, பல்பு, கோலமாவு எல்லாம் கிடைக்கும். ஆனால் உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது இடது பக்கச் சுவர்தான். அதில் ஒரே வரிசையாகப் பதிமூன்று ஆணிகள். ஆணிக்கு ஒன்றாக ஒரு மஞ்சப்பை.

அந்தப் பைகளில் சிவப்பு எழுத்தில் என் மகள் அருணாவின் பெயரும், மாப்பிள்ளை பாலாஜியின் பெயரும், கல்யாணத் தேதியும் அச்சடித்திருக்கும். தாம்பூலப் பைகள். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பஸ்ஸில் வருவதாகச் சொன்னதால் நிறையவே அடித்து வைத்தோம். அன்றைக்கென்று பார்த்து வழியில் யானை இறங்கியிருக்கிறது என்ற பேச்சு கிளம்பி, ஒரு பஸ் பாதி வழியிலேயே திரும்பிவிட்டது. மிஞ்சிய பைகளை என்ன செய்வது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது, “எங்கிட்ட குடுண்ணா, வேலை இருக்குது” என்று கட்டாக வாங்கிப் போனாள் வினோதா.

என்ன வேலை என்று சொல்ல வேண்டுமானால் அவளைப் பற்றிக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

எங்களுக்குக் கெலமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் தக்காளி பறித்தும் ராகி அறுத்தும் எங்கள் இருவரையும் வளர்த்தார்கள். நான் எட்டாவதோடு நின்று, ஒரு நட்டு போல்ட்டு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலைக்குப் போய்விட்டேன். வினோதா பத்தாவது பாஸ். எங்கள் வீட்டில் அதுதான் முதல் பாஸ். அன்றைக்கு அப்பா தெரு முழுக்க மிக்சர் பாக்கெட் கொடுத்தார். யாருக்கோ கல்யாணம் என்று நினைத்துச் சிலர் மொய் எவ்வளவு வைப்பது என்று கேட்டார்கள்.

பத்தாவது முடித்ததும் காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் சேர்ந்தாள். எதிரே கொக்கிகளில் சிவப்பு, பச்சை, கறுப்பு என்று நிறவாரியாக வயர்கள் தொங்கும். எந்தக் கொக்கியில் எது என்பது மாறவே மாறாது. கண் வயர் கட்டும் பலகைமேல் இருக்க, கை தானாகப் போய் வேண்டிய வயரை உருவிக்கொண்டு வந்துவிடும். வினோதாவின் கை அந்த வேலையில் அப்படிப் பழகியது. பக்கத்தில் நிற்பவளிடம் தெலுங்கில் கதை பேசியபடி, சூப்பர்வைசருக்குக் கன்னடத்தில் பதில் சொல்லியபடி, ஒரு வயரும் தப்பாமல் கட்டுவாள். நான் அவளுக்கு அண்ணன் என்பதால் கூட்டிச் சொல்லவில்லை. அங்கே அவளுடன் வேலை பார்த்த எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

அவளுக்கு அங்கே இருந்த ஒரே தொல்லை சாப்பாட்டுச் சாமான். காலை ஷிப்டு போகும்போது கடை திறந்திருக்காது. இரண்டாம் ஷிப்டு முடிந்து வரும்போது மூடியிருப்பார்கள். நடுவில் போனால் வீட்டில் இருப்பவர்கள் நல்ல தக்காளியையும் நல்ல பருப்பையும் வாங்கிப் போயிருப்பார்கள். “கம்பெனிக்காரங்களுக்குன்னு கடைசியா மிஞ்சுறது புழு விழுந்த ரவைதாண்ணா” என்பாள். மணியைக் கல்யாணம் செய்துகொண்டு, லைன் வீட்டு வாசலில் சொந்தமாகக் கடை போட்டபோது அவள் முதலில் செய்தது, சுவரில் ஆணி அடித்ததுதான்.

ஏற்பாடு இதுதான். அந்தக் காம்பவுண்டில் குடியிருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் ஆணி. காலிப் பையைக் கொண்டுவந்து அவரவர் ஆணியில் மாட்டிவிட்டு, வேண்டியதைச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடலாம். திங்கட்கிழமை தோறும் வினோதா உட்கார்ந்து எல்லாப் பைகளையும் நிரப்பி, காதுகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டு மாட்டிவிடுவாள். எந்த ஷிப்டு முடிந்து எப்போது வந்தாலும் பை அங்கே இருக்கும். எடுத்துக்கொண்டு போகலாம்.

பையெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே, பெயின்டால் பேர் எழுதித் தருகிறேன் என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஸ்டோர்ஸில் வேலை செய்பவனுக்குப் பேர் ஒட்டாத சாமானைப் பார்த்தால் கை அரிக்கும்.

“பேர் எழுதினா தொவைச்சா போயிரும். ஆணி போகுமா?” என்பாள்.

“ஆணியிலருந்து பை மாறிடிச்சுன்னா?”

“ஏண்ணா மாறுது? நீ மாத்தாம இருந்தா சரி.”

நான் அந்தக் காம்பவுண்டிலேயே குடியிருப்பவன். என் ஆணி ஏழாவது. முதல் ஆணி வீட்டுக்காரர் சரசம்மாவுடையது. நிலம் வைத்திருந்து, அதில் ஒரு பகுதியில் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்ட விவசாயக் குடும்பம். வீட்டில் கன்னடம், தோட்டத்தில் தெலுங்கு, வாடகைக்காரர்களிடம் தமிழ். கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும். ராகி மாவும் கொள்ளும் இல்லாமல் அவர் பை நிரம்பாது. மூன்றாவது ஆணி மேகலாவுக்கு. அவள் கணவன் தினேஷ்குமார் வார்ப்படக் கம்பெனியில் வேலை செய்தான். கடைசிப் பக்கத்திலிருந்து மூன்றாவது, ஒடிசாப் பையன்கள் நான்கு பேர் சேர்ந்து வைத்துக்கொண்ட பை. அவர்களுக்காகப் பேசுபவன் ரபி. கடுகெண்ணெய், உருளைக்கிழங்கு, புழுங்கலரிசி, டீக்குப் பால் பவுடர் அவர்களுடையது. கடைசி ஆணி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த விஜயகுமாருக்கு. தனிக்கட்டை. கருப்பட்டி இல்லாமல் காபி குடிக்க மாட்டான்.

கொரோனா வந்த அந்த மார்ச் மாதம், மேகலாவின் குழந்தைக்கு இன்னும் உட்காரக்கூடத் தெரியாது. குறைமாதத்தில் பிறந்த பெண். தாய்ப்பால் போதவில்லை என்று டாக்டர் ஒரு பால் பவுடரைச் சொல்லியிருந்தார். வேறு எதைக் கொடுத்தாலும் அந்தக் குழந்தைக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது. ஒருமுறை மாற்றிப் பார்த்து ஆஸ்பத்திரி வரைக்கும் போய் வந்தார்கள். அந்த டப்பா மளிகைக் கடையில் கிடைக்காது. வினோதா ஓசூருக்குச் சரக்கெடுக்கப் போகும்போது மருந்துக்கடையில் வாங்கி வந்து, மேகலாவின் பையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்துவிடுவாள்.

அந்தத் திங்கட்கிழமை அவள் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறாள். எல்லா இடத்திலும் இல்லை என்றுதான் பதில். யார் யாரோ வந்து மூன்று, நான்கு என்று அள்ளிப் போய்விட்டார்களாம். ராயக்கோட்டைச் சாலையில் ஒரு கடையில், பின்வரிசையில் ஒரே ஒரு டப்பா இருந்தது. திரும்பி வந்து மேகலாவிடம், “கடைசி டப்பா. பத்திரமா மாட்டி வெச்சிருக்கேன். நீ கொழந்தையைப் பாரு, வெளிய வராத. தினேஷு ஷிப்டு முடிஞ்சு வரும்போது எடுத்துக்கட்டும்” என்றாள். மேகலாவின் வீட்டில் பழைய டப்பாவில் மறுநாள் மதியம் வரைக்கும்தான் பவுடர் இருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அன்று மாலை ஆறு மணிக்கு மேல் யாரும் வெளியே வரக்கூடாது என்று அறிவித்துவிட்டார்கள். எங்கள் கம்பெனியை முதல் நாளே மூடிவிட்டதால் நான் கடையில் இருந்தேன். ஒன்பது மணிக்கெல்லாம் கூட்டம் வர ஆரம்பித்தது. காம்பவுண்டு ஆட்கள் முக்கால்வாசிப் பேர் கம்பெனி மூடுவதற்கு முன் கடைசி ஷிப்டு என்று வேலைக்குப் போயிருந்தார்கள். வந்தவர்கள் வேறு ஆட்கள். மெயின் ரோட்டுப் பக்கத்து அபார்ட்மென்டுகளிலிருந்து காரிலும் ஸ்கூட்டரிலும் வந்தார்கள். அதுவரை அந்தக் கடையை எட்டிப் பார்க்காதவர்கள்.

முதலில் போனது மஞ்சள் தூள். வேப்பிலையும் மஞ்சளும் கலந்து வாசலில் தெளித்தால் நோய் உள்ளே வராது என்று யாரோ எல்லாருடைய போனுக்கும் அனுப்பியிருந்தார்கள். மஞ்சள் தூள் தீர்ந்ததும் ஒருவர், “சாம்பார் பொடியிலயும் மஞ்சள் இருக்குது இல்ல?” என்று கேட்டு அதை வாங்கிப் போனார். அவர் வீட்டு வாசல் எப்படி மணந்திருக்கும் என்று வினோதா பிறகு பலநாள் சொல்லிச் சிரித்தாள்.

அடுத்தது ரவை, சேமியா, உப்பு, சோப்பு. ஆளுக்கு ஒன்று என்று அவள் கத்திக்கொண்டே இருந்தாள். ஒன்று வாங்கிய ஆள் மனைவியை அனுப்புவார், பிறகு மாமியாரை அனுப்புவார். ஓர் அம்மா ஒரு மூட்டை உப்பைக் கேட்டார்.

“அம்மா, ஊறுகாய் கம்பெனி வெக்கப் போறீங்களா?”

“ரெண்டு மாசம் கடை இருக்காதுன்னு சொல்றாங்களே.”

“நான் இருப்பேன். உப்பும் இருக்கும். ரெண்டு பாக்கெட்டு எடுத்துக்கிட்டு நகருங்க.”

மதியத்துக்குள் அலமாரிகள் வெறும் பலகையாகிவிட்டன. மிச்சமிருந்தது ஷூ பாலிஷும், பம்பரக் கயிறும், பிறந்தநாள் மெழுகுவத்தியும்தான். பிறகு மெழுகுவத்தியையும் ஒருவர் கேட்டு வாங்கிப் போனார். கரண்டு போய்விட்டால் என்ன செய்வது என்றாராம்.

அலமாரி காலியானதும் எல்லாருடைய கண்ணும் சுவருக்குப் போனது. பதிமூன்று பைகளும் கும்மென்று நிரம்பித் தொங்கிக்கொண்டிருந்தன. கண்ணாடி போட்ட ஓர் ஆள் கேட்டார்.

“அந்தப் பையெல்லாம் என்னம்மா?”

“அது கல்யாணப் பைங்க சார். மொய் வெச்சவங்களுக்கு மட்டும்தான்.”

“விளையாடாத. உள்ள அரிசி பருப்பு தெரியுது. கேக்குற விலை குடுக்கறேன். ரெண்டு பை குடு.”

“ஆளுங்க ஷிப்டுல இருக்காங்க சார். அவங்க வந்து காலி ஆணியைப் பாத்தா நான் என்ன சொல்றது?”

“இல்லன்னு சொல்லு.”

“அதை உங்ககிட்டயே இப்ப சொல்லிட்டேன் சார். இல்ல.”

பின்னாலிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் சிரித்தவர்களில் ஒருவனே பக்கவாட்டில் நுழைந்து ஒரு பையை ஆணியிலிருந்து கழற்றிவிட்டான். நான் ஒரு காதைப் பிடித்தேன், அவன் இன்னொரு காதைப் பிடித்தான். துணி நல்ல துணி, கிழியவில்லை. என் மகள் கல்யாணத்தில் நான் எதிலும் மட்டம் பார்க்கவில்லை.

அப்போதுதான் மணி வந்தார். அவரைப் பார்த்ததும் அந்த ஆள் கையை விட்டான், நான் பையை அதே ஆணியில் திரும்ப மாட்டினேன். வினோதாவின் கணவர். குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறார். அதிகம் பேச மாட்டார். ஒரு காரியத்தில் இறங்கினால் முடித்துவிட்டுத்தான் நிமிர்வார். ஒரே பார்வையில் நிலவரம் புரிந்துவிட்டது. “மச்சான், நீங்க வாசலைப் பாருங்க” என்று என்னிடம் சொல்லிவிட்டு, முதல் ஆணியிலிருந்து தொடங்கிக் கைக்கு ஒன்றாகப் பைகளைக் கழற்றி, கடைக்குப் பின்னால் இருக்கும் அவர்கள் அறைக்குள் கொண்டுபோய் வைத்தார். பதிமூன்றும் உள்ளே போனதும் கதவைப் பூட்டிச் சாவியை வினோதாவின் கையில் கொடுத்தார்.

“ஆணி வரிசைப்படியே வெச்சிருக்கேன். ஒண்ணுகூட மாறல” என்றார். வண்டியை ஷெட்டில் விட வேண்டும் என்று உடனே கிளம்பியும்விட்டார்.

சுவரும் காலியானதும் கூட்டம் தானாகக் கரைந்தது. கண்ணாடி போட்டவர் போகும்போது பம்பரக் கயிறு ஒன்று வாங்கிக்கொண்டு போனார். எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மூன்று மணிக்கு மேல் கம்பெனி பஸ்கள் வரத் தொடங்கின. வினோதா அறையைத் திறந்தாள். பைகள் கதவிலிருந்து உள்சுவர் வரைக்கும் ஒரே வரிசையாக, ஸ்கேல் வைத்த மாதிரி இருந்தன. கதவருகே இருந்த பையை எடுத்து முதல் ஆணியில் மாட்டினாள். அடுத்ததை இரண்டாவதில். அப்படியே பதிமூன்றையும் மாட்டி முடித்தாள். மூன்றாவது ஆணியில் மாட்டும்போது மட்டும் கை ஒரு நிமிடம் தயங்கியது என்று பிறகு சொன்னாள். வழக்கத்தைவிடக் கனமாக இருந்ததாம். ஆனால் அதற்குள் ஆட்கள் வாசலில் நின்றார்கள். போலீஸ் ஜீப் மைக்கில் கத்திக்கொண்டே போனது. ஒருவரை ஒருவர் தொட்டுவிடுவோமோ என்று எல்லாருக்கும் பயம். அவரவர் ஆணிக்குப் போய் அவரவர் பையைக் கழற்றிக்கொண்டு, முடிச்சைக்கூட அவிழ்க்காமல் வீட்டுக்கு ஓடினார்கள்.

அலமாரி காலியாகக் கிடந்தாலும் வினோதாவின் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. “ஒருத்தரையும் வெறுங்கையோட அனுப்பலண்ணா” என்றாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. என் பையை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தேன். சொன்னது சொன்னபடி இருந்தது. ஆகவே நான் எதையும் சந்தேகப்படவில்லை.

ஆறு மணிக்குச் சற்று முன்னால் சரசம்மாவின் குரல் காம்பவுண்டு முழுக்கக் கேட்டது.

“ஏனம்மா வினோதா! என்னம்மா இது? ராகி எங்க? கொள்ளு எங்க? கருப்பா உருண்டையா என்னமோ இருக்குது. அப்பளம் இருக்குது. நான் என்ன விருந்தா வெக்கப் போறேன்?”

வினோதா வெளியே வருவதற்குள் கடைசி வீட்டிலிருந்து விஜயகுமார் வந்து நின்றான். கையில் ஒரு பாக்கெட்.

“எக்கா, மண்ணு கணக்கா ஒரு மாவு குடுத்திருக்கியளே, நான் சாம்பிராணித் தூளுன்னுல்லா நெனச்சேன். தண்ணி ஊத்தித் தோசை வார்த்தா சட்டியை விட்டு வரமாட்டேங்கு.”

“ஏய், அது என் ராகிடா!” என்றார் சரசம்மா.

“அப்பம் என் கருப்பட்டி எங்க?”

“அந்தக் கருப்பு உருண்டையா? ஒண்ணை ஒடைச்சுக் காபியில போட்டுட்டேன்” என்றார் சரசம்மா. “நல்லாத்தான் இருக்குது” என்று குரலைத் தாழ்த்திச் சேர்த்துக்கொண்டார்.

நான் சிரித்துவிட்டேன். வினோதா சிரிக்கவில்லை. “மேகலா…” என்று மட்டும் சொன்னாள்.

சொல்லி வாய் மூடவில்லை, தினேஷ்குமார் ஓடி வந்தான். “அக்கா, டப்பா இல்லக்கா. பை நெறைய உருளைக்கிழங்கு இருக்குது. பாப்பா எழுந்திரிச்சு அழுவுது.” அவன் வீட்டுப் பக்கமிருந்து குழந்தை அழுகிற சத்தம் எங்களுக்கும் கேட்டது. அவனோ ஓசூருக்குப் போகிறேன் என்று பைக் சாவியைக் கையில் வைத்திருந்தான். போயிருந்தாலும் அங்கே டப்பா கிடையாது என்பது வினோதாவுக்குத்தான் தெரியும்.

“இரு தினேஷு. எங்கயும் போகாத” என்றாள். வண்டியை விட்டுவிட்டு நடந்து வந்துகொண்டிருந்த மணியைப் பார்த்தாள்.

“ஏங்க, பையை எப்படி வெச்சீங்க?”

“வரிசையாத்தான். மொதல் ஆணிப் பையை உள்ள செவுத்தோரம் வெச்சேன். அப்பறம் ஒவ்வொண்ணா கதவு வரைக்கும்.”

“அப்ப கதவுகிட்ட இருந்தது?”

“கடைசி ஆணிப் பை. ஏன்?”

மணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். “நான் மாத்தலையே. வரிசைதானே?” என்றார். வரிசை சரிதான். வினோதா கதவுப் பக்கமிருந்து எடுத்து மாட்டியதில், அந்த வரிசை அப்படியே திரும்பிவிட்டது. முதல் வீட்டுக்குக் கடைசி வீட்டுப் பை. சரசம்மாவுக்கு விஜயகுமாருடையது. நடு ஆணி என்னுடையது. அது மட்டும் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் நடுவில்தான் இருக்கும். அந்தக் காம்பவுண்டிலேயே சரியான பை கிடைத்த ஒரே ஆள் நான்தான்.

வினோதா கண்ணை மூடிக்கொண்டாள். வயர் கட்டும்போது போலவே கை மட்டும் காற்றில் ஆணிகளைத் தொட்டுக்கொண்டு போனது. “மேகலா இந்தப் பக்கமிருந்து மூணு. அந்தப் பக்கமிருந்து மூணுன்னா…” கண்ணைத் திறந்தாள். “ஒடிசாப் பசங்க!”

அவள் அப்படி ஓடி நான் பள்ளிக்கூட நாளுக்குப் பிறகு பார்த்ததில்லை. நாங்களும் பின்னால் ஓடினோம். பையன்களின் அறைக் கதவு திறந்திருந்தது. நான்கு பேரும் வட்டமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அந்த டப்பா, மூடி திறந்து.

ரபி எழுந்து நின்றான். “வாங்க அக்கா. டீ குடிங்க. ஆனா இந்தப் பால் நல்லா இல்லக்கா. வாசனை வேற மாதிரி. அடுத்த வாரம் பழைய பால் பவுடர் குடு.”

“ரபி, எவ்வளவுடா போட்டீங்க?”

“உள்ளயே சின்ன ஸ்பூன் இருந்தது. நாலு பேருக்கு நாலு ஸ்பூன்.” வினோதாவின் முகத்தைப் பார்த்து, “ஜாஸ்தியா?” என்றான்.

“அது பாப்பா பாலுடா! மேகலா பாப்பாது!”

ரபி மற்றவர்களுக்கு ஒடியாவில் ஏதோ சொன்னான். நான்கு பேரும் ஒரே நேரத்தில் தம்ளரைக் கீழே வைத்தார்கள். ஒருவன் தன் வயிற்றைத் தடவிப் பார்த்தான். ரபி மூடியை இறுக்கி மூடி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துவைத்த துண்டை எடுத்து டப்பாவைச் சுற்றி, கோயிலில் தேங்காய்த் தட்டை நீட்டுவதுபோல் இரண்டு கையாலும் நீட்டினான். “சுத்தமா இருக்குக்கா. ஈர ஸ்பூன் போடல. சத்தியமா” என்றான்.

வினோதா டப்பாவைத் திறந்து பார்த்தாள். முக்கால்வாசிக்கு மேலேயே இருந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூன்றாவது வீட்டுக்குப் போனாள். சுடுதண்ணீர் ஆறும் வரைக்கும் குழந்தை அழுதது. பிறகு அழுகை நின்றது. மேகலா வாசலுக்கு வந்து எங்களைப் பார்த்து ஒரு விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். வினோதா சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டாள். தினேஷ்குமார் பைக் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“இப்ப மத்த பையெல்லாம்?” என்று கேட்டார் மணி, மிக மெல்லிய குரலில்.

ஆறு மணி தாண்டிவிட்டது. கூட்டம் கூடக் கூடாது. அதனால் அவரவர் வாசலிலேயே நின்றுகொண்டு, பையைப் பக்கத்து வாசலுக்குக் கொடுத்து, அவர்கள் அடுத்த வாசலுக்குக் கொடுத்து என்று லைன் நெடுக மஞ்சப்பைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போய்க்கொண்டிருந்தன. வினோதா நடுவில், என் வீட்டு வாசலில் நின்று, “அது மேல போகணும், இது கீழ போகணும்” என்று கைகாட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து கேட் வாசலில் நின்றார்.

“என்னய்யா இங்க கூட்டம்?”

“கூட்டம் இல்ல சாமி. அவங்கவங்க வாசல்ல அவங்கவங்க நிக்கறோம்” என்றார் சரசம்மா. அது உண்மைதான்.

போலீஸ்காரர் கேட்டுக்குப் பக்கத்தில் கிடந்த பையின் எழுத்தை வாசித்தார். “கல்யாணமா? பர்மிஷன் வாங்கினீங்களா? யாரு அருணா, யாரு பாலாஜி?”

“அது மூணு வருசம் முன்னாடியே ஆயிடிச்சுங்க சார்” என்றார் மணி.

“அப்பறம் இப்ப எதுக்குத் தாம்பூலப் பை குடுக்கறீங்க?”

வினோதாதான் சொன்னாள். “அன்னைக்கு யானை வந்து ஒரு பஸ்ஸு திரும்பிப் போயிடிச்சு சார். விட்டுப்போனவங்களுக்கு இப்பதான் குடுக்கறோம்.”

அவர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, சீக்கிரம் முடித்துவிட்டு உள்ளே போங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். போகும்போது முகக்கவசத்துக்குள் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

எல்லாச் சாமானும் திரும்பிப் போய்விடவில்லை. விஜயகுமார் சட்டியில் ஒட்டவைத்த ராகி போனது போனதுதான். சரசம்மா உடைத்த கருப்பட்டியைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு, அவனுக்கு ஒரு கிண்ணம் கொள்ளுக் குழம்பும் களியும் அனுப்பினார். களி தொண்டையில் இறங்கவில்லை என்று அவன் முதலில் புலம்பினான். மென்று தின்னக் கூடாது, விழுங்க வேண்டும் என்று லைன் வீடு மொத்தமும் அவரவர் வாசலிலிருந்து கத்தியது.

மருந்துக்கடைக்குப் புதுச் சரக்கு வந்த நாள் வரைக்கும் அந்த ஒரு டப்பாவே மேகலாவின் குழந்தைக்குப் போதுமானதாக இருந்தது. வந்ததும் மணி பாஸ் வாங்கிக்கொண்டு போய் முதல் ஆளாக வாங்கி வந்தார். ரபியும் மற்றவர்களும் கொஞ்ச நாள் கழித்து ரயிலேறி ஊருக்குப் போனார்கள். அவர்கள் ஆணியை வினோதா யாருக்கும் கொடுக்கவில்லை. மழைக்காலம் முடிந்து அவர்கள் திரும்பி வந்தபோது, அதே ஆணியில் காலிப் பை தொங்கிக்கொண்டிருந்தது. வந்த அன்றே ரபி, “அக்கா, பாப்பா பால் வேணாம். மத்தது எல்லாம்” என்றான்.

அபார்ட்மென்டுக் கண்ணாடிக்காரர் இப்போது வாரம் தவறாமல் கடைக்கு வருகிறார். தனக்கும் ஓர் ஆணி வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். “சுவத்துல எடம் இல்ல சார், யாராவது காலி பண்ணட்டும்” என்கிறாள் வினோதா. சரசம்மாவின் பையில் ராகி மாவோடு கருப்பட்டியும் போகிறது. விஜயகுமாருக்குக் கல்யாணமாகிவிட்டது, அவன் மனைவி ராகித் தோசை நன்றாக வார்க்கிறாள்.

பையில் பேர் எழுதலாமே என்று அந்த வாரமே நான் மறுபடியும் கேட்டேன். வினோதா ஒப்புக்கொள்ளவில்லை. பையை ஆணியிலிருந்து மணி கழற்றக் கூடாது என்று ஒரு சட்டம் மட்டும் போட்டாள். மணி அதை இன்றுவரை மீறியதில்லை. ஆனால் தன்னுடைய வரிசை சரியாகத்தான் இருந்தது என்பதை அவர் விட்டுக்கொடுத்ததும் இல்லை.

மேகலாவின் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். சாயங்காலம் வந்ததும் யூனிபார்மோடு கடைக்கு ஓடிவந்து, தங்கள் வீட்டுப் பையில் பிஸ்கட் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். போன வாரம் நான் கடையில் இருந்தபோது வந்தாள். நேரே உள்ளே போய், ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் விட்டு எண்ணி, ஒரு பையைப் பிடித்து இழுத்தாள். உள்ளே இருந்து கடுகெண்ணெய்ப் பாட்டில் எட்டிப் பார்த்தது. அவள் எண்ணியது கடைசிப் பக்கத்திலிருந்து.

“பாப்பா, அது ரபி மாமா பை. உன்னுது அந்தப் பக்கம்” என்றாள் வினோதா.

“இல்ல, இதுதான் மூணாவது.”

கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மணி எழுந்தே விட்டார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

“பாத்தீங்களா மச்சான்! கொழந்தைக்குத் தெரியுது!” என்றார்.

வினோதா அலமாரிப் பக்கம் போனாள். பிஸ்கட் பாக்கெட் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்து, “எந்தப் பையில போடணும்னு நீங்களே சொல்லுங்க” என்றாள். மணி இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் அந்தப் பெண் பாக்கெட்டை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டாள்.